முப்பத்தாறு அங்குலம்

அளவு நாடாவின் நுனியை நான் பம்பரில் அழுத்திக்கொள்ள
வெண்டல் பின்னோக்கி நடந்தான்.
கேம்ப்பரின் பின்சுவர் ட்ரக்கைத் தாண்டி
முப்பத்தொன்பது அங்குலம் வழிந்து நிற்கிறது,
சின்ன நாற்காலியில் உட்கார்ந்த பெரிய ஆள் மாதிரி.
வாங்கிய அன்று இது கண்ணில் படவில்லை.
அன்று நாங்கள் பார்த்தது அடுப்பையும் மெத்தையையும்தான்.

பிப்ரவரி வந்துவிட்டது.
மொடெஸ்டோவில் பாதாம் மொட்டு கட்டியாயிற்று என்கிறார்கள்.
ஐடஹோவின் பனியிலிருந்து
இருபத்து நான்கு தேனீப் பெட்டிகள் போயாக வேண்டும்.
ட்ரெய்லரின் மூக்கோ ட்ரக்கை எட்டவில்லை.
நடுவில் ஓர் இரும்புக் கை தேவை.

ட்வின் ஃபால்ஸ் கடையில் அந்தக் கைகள்
சுவரோரம் சாய்ந்திருந்தன:
பதினெட்டு, இருபத்து நான்கு, முப்பத்தாறு,
கடைசியில் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நாற்பத்தெட்டு.
ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு.
நீளம் ஏற ஏற, தாங்கும் எடை இறங்கிக்கொண்டே வருகிறது.
நாற்பத்தெட்டின் சீட்டைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
"இதுதான்" என்றான் வெண்டல்.
படியைக் கழற்ற வேண்டாம்,
ரிவர்ஸ் எடுத்தால் மூலை இடிக்காது என்றான்.
அறுத்துத் தைத்த முழங்காலைப் பற்றி
அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கோல்ட்டர் போனில் இருந்தான்;
யாருக்கோ ஆக்ஸில் வந்து சேரவில்லை.
போன கோடையில் வெல்டிங்குக்குக் காசு வாங்காத பையன்.
அவனுக்கென்று ஒரு கேலன் தேன் எடுத்துப் போயிருந்தேன்.
கவுண்டருக்கு மேலே நீட்டினேன்.
ஒரு நிமிஷம் என்று விரலைத் தூக்கினான்.

மார்போடு அணைத்து வந்தபோது
பூனைக்குட்டியாக இருந்த பன்னிரண்டு பவுண்டு
நீட்டிய கையின் முனையில் கன்றுக்குட்டியாகிவிட்டது.
மணிக்கட்டு ஆடியது முதலில்.
பிறகு முழங்கை.
பிறகு தோளுக்குள், எனக்கே தெரியாத ஏதோ ஒரு கம்பி.
கோல்ட்டர் இன்னும் ஆக்ஸிலைத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

வாளியை இறக்கி வைத்தேன்.
"முப்பத்தாறு" என்றேன்.

வெண்டல் வாளியைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான்.
சீட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்தான்.
முப்பத்தோரு வருஷமாக
அவன் சரி என்று சொல்வது அப்படித்தான்.

அப்புறம் இருந்தது வேலை.
படியைக் கழற்றினோம். ஒரு போல்ட் வரமாட்டேன் என்று
மதியம் முழுக்கச் சண்டை போட்டது.
பாதுகாப்புச் சங்கிலி நீளம் போதாமல்
பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டு சேர்த்தோம்.
வயரை நீட்டியதில், பிரேக் அழுத்தினால்
இடது இண்டிகேட்டர் கண் சிமிட்டியது.
அதைக் கண்டுபிடிக்க வெண்டல் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு
தேவாலயத்தில் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னான்.
ஒடித்துத் திருப்பக்கூடாது:
டேஷ்போர்டில் டேப் ஒட்டி எழுதி வைத்தேன்.

முதல் இரவு வெல்ஸில், லாரிகள் உறங்கும் மைதானத்தில்.
மூன்று மணிக்கு எனக்குப் போக வேண்டியிருந்தது.
கதவைத் திறந்து
படி இருந்த இடத்தில் பால் கிரேட்டைத் துழாவினேன்.
இறங்கியதும் முழந்தாளில் பட்டது ட்ரெய்லரின் மூக்கு,
பனிக்கட்டியாய்.
நீளத்தை வாங்கியிருந்தால் பட்டிருக்காது.

வலியில் குனிந்தவள் முதல் பெட்டியின் மேல் கை ஊன்றினேன்.
வலைக்குள்ளே, மரத்துக்குள்ளே,
ஒரு மெல்லிய கொதிப்பு.
காதை வைத்தேன். பந்தாகச் சுருண்டு
நடுவில் ராணியை வைத்துக்கொண்டு
நகராமலே நடுங்கி, ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டிருந்தன.

"என்ன சத்தம்?" உள்ளேயிருந்து வெண்டல்.
"இடித்துக்கொண்டேன்."
"உனக்கா, வண்டிக்கா?"

பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
கிரேட் கிறீச்சிட்டது. கரடி மாதிரி முதுகு காட்டி,
நல்ல காலை முதலில் வைத்து,
கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கி
அவனும் இறங்கி வந்துகொண்டிருந்தான்.