இடப்பக்கத்து வெளிச்சம்

பழைய மாதாவுக்குப் பின்னால் வானம் இல்லை,
பொன் மட்டும்.
மெழுகுதிரி ஏற்றினால் அது மூச்சுவிடும்.
எங்கே நின்றாலும் என்னையே பார்ப்பாள்,
சாவிக்கொத்தை நழுவவிட்டால்கூட.
காலடியில் மண்டியிட்ட வணிகன்
ஒரு விரல் உயரம்.
அவ்வளவுதான் அவன் என்பது
அளக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை
பிஸ்தோயாவின் கம்பளிக்காரர் சங்கம்
புதுப்படத்தை வண்டியிலிருந்து இறக்கியது.
"பொன் எங்கே? ஒப்பந்தத்தில் இருக்கிறதே"
என்றார் கணக்கர் லாப்போ.
ஓவியன் நூத்தோ சன்னலைக் காட்டினான்:
சன்னலுக்குள் ஆறு,
ஆற்றின்மேல் பாலம்,
பாலத்தில் கழுதை, கழுதைக்கு நிழல்.

இந்த மாதாவுக்கு மடி இருக்கிறது.
பிள்ளை உட்கார்ந்த இடத்தில்
நீலத்துணி பள்ளம் விழுந்திருக்கிறது.
சங்கத் தலைவர் அவள் உயரத்துக்கே
மண்டியிட்டிருக்கிறார், தாடை மருவோடு.
சாயப்பட்டறை மெயா எட்டிப் பார்த்தாள்.
"இவனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல்,
கன்னத்தைப் பாருங்கள்" என்றாள்.
பழைய படத்துப் பிள்ளைக்கு
வயதான நீதிபதியின் முகம்;
காய்ச்சல் வருமென்று யாரும் பயந்ததில்லை.

ஒரே சிக்கல்.
படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது,
என் திரி வலப்பக்கம்.
நிழல்கள் சண்டை போட்டன.
திரியை நகர்த்து என்றான் நூத்தோ.
நூற்றிருபது வருடம் அங்கேயே எரிந்த திரி.
நகர்த்தினேன்.

இரவு, கதவடைக்கும் முன் நின்று பார்த்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பிள்ளையைப் பார்க்கிறாள்.
சரிதான், காய்ச்சல்காரப் பிள்ளை.

எனக்கோ சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.
பக்க அறைக்குப் போய்
சுவர் பார்த்து வைத்திருந்த பழையவளைத்
திருப்பிவைத்துச் சொன்னேன்.