முப்பத்தொரு எம்.பி.

புதுவயல் அரிசி ஆலை ஆபீஸ்.
எண்டர் கீயின் மேல் தவிடு.
தட்டினால் திரையில் ஒரு வரி இறங்குமுன்
மேசையில் கொஞ்சம் இறங்குகிறது.

"ஒண்ணுமே திறக்கலம்மா,
ஆனா உள்ள என்னமோ ஓடுது"
என்கிறார் கணக்கர் காசிலிங்கம்.
மெயிலை மூடிவிட்டாராம்.
மூலையில் பெருக்கல் குறியை அழுத்தி
ஜன்னல் மறைவதைக் கண்ணால் பார்த்து
டீ குடித்துவிட்டும் வந்தாராம்.
விசிறி மட்டும்
நெல் அவிக்கிற கொப்பரை மாதிரி இரைகிறதாம்.

முதலில் தவிட்டைத்தான் சந்தேகித்தேன்.
பக்கத் தகட்டைக் கழற்றி
பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து ஊதியதில்
ஒரு கைப்பிடி தேறியது. மாட்டுக்குப் போடலாம்.
சத்தம் குறையவில்லை.

டாஸ்க் மேனேஜர்.
இருக்கிறது.
திரையில் முகம் காட்டாமல்
பட்டியலில் மட்டும் உட்கார்ந்து
பாதிப் பிராசசரைத் தின்றுகொண்டு.
கொன்றேன். அடங்கியது.
காசிலிங்கம் திறந்தார், ஆர்டர் பார்த்தார், மூடினார்.
மறுபடி இரைச்சல்.
வைரஸ் இல்லை.
காலையில் தானாகக் கிளம்பும் பட்டியலிலும் பெயர் இல்லை.

மூடச் சொல்லியும் மூடாத புரோகிராமுக்குப்
பெரும்பாலும் பிடிவாதம் கிடையாது.
கையில் ஏதாவது வேலை இருக்கும்.

இடப்பக்கம், கீழே, இன்னும் கீழே
முதலாளியின் பழைய கணக்கு,
சுருக்கிவைத்தது.
விரித்தேன்.
அவுட்பாக்ஸில் ஒன்று.

பெறுநர்: வயிரவன், கிள்ளான்.
பொருள்: சம்மதம்.
இணைப்பு: பதினான்கு பக்கம், முப்பத்தொரு எம்.பி.
தேதி: மூன்று வருசத்துக்கு முந்தைய ஆனி.

இருபத்தைந்துக்கு மேல் சர்வர் வாங்காது.
வாங்காது என்று அது சொன்னதை
இங்கே யாரும் படிக்கவில்லை.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
வாசல்வரை போய்ப் போய்த்
திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது.

தேனப்பன் வந்தார். வேட்டி மடிப்பில் உமி.
படித்தார்.
கண்ணாடியை மாற்றிப் போட்டு இன்னொரு முறை படித்தார்.

"இது போயிருச்சே."
"போகல சார்."
"நான் அழுத்தினேனே."
"அழுத்தியிருக்கீங்க."

காசிலிங்கம் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்:
பள்ளத்தூர் வீட்டுப் பங்கு.
பதினேழு கையெழுத்தில் பதினாறோடு நின்றுபோனது.
போன வருசப் படைப்புக்கு
இவருக்கு மட்டும் சொல்லிவிடவில்லை.
கிள்ளானிலிருந்து பதில் வராத கோபத்தில்
இவரும் போனை எடுப்பதில்லை.

"ஏன் சார் இவ்வளவு பெரிசு?"
"கையெழுத்துத் தெளிவாத் தெரியட்டும்னு" என்றார்.
"கலர்ல. இருக்கிறதிலயே பெரிய அளவுல."

பக்கங்களைச் சுருக்கினேன்.
இரண்டு எம்.பி.யில் அடங்கிவிட்டது எல்லாம்,
கையெழுத்தின் வால்கூடத் தெரிந்தது.

"இப்ப அனுப்பினாப் போயிரும் சார்.
வேண்டாம்னா அழிச்சிரலாம்.
எது செஞ்சாலும் இது அடங்கிரும்."

கொஞ்சநேரம் கழித்துக் கேட்டார்:
"அந்தத் தேதியிலயே போகுமா?"
"இல்ல சார். இன்னைக்குத் தேதிதான் விழும்."

வெளியே லாரி ஹாரன் அடித்தது.
நெல்லில் ஈரம் பார்க்க எழுந்து போனார்.
ஈரம் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.
வந்தார், உட்கார்ந்தார்,
மவுஸை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நான் ரசீது எழுதினேன்.
கோளாறு: மூடிய பின்னும் ஓடுவது.
கூலி: முந்நூற்றைம்பது.
தீர்வு என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்துவிட்டேன்.

செருப்பை மாட்டும்போது விசிறி அடங்கியது.
அனுப்பினாலும் அழித்தாலும்
ஒரே மாதிரிதான் அடங்கும்.
"ஜெபசீலி, சில்லறை" என்று காசிலிங்கம் கூப்பிட்டார்.
அப்புறம் வாங்கிக்கிறேன் என்று வண்டியை எடுத்தேன்.
அடுத்து கண்டனூரில் ஒரு பிரிண்டர்,
பேப்பரை விழுங்குகிறதாம்.