கட்டைவிரல்

மாரிபோர், பிப்ரவரி. பள்ளி உடற்பயிற்சிக் கூடம்.
ஒரே ஒரு பையனைப் பார்ப்பது என் வேலை:
ஓஷ்பெய், பத்து வயது,
இடது காலணியில் நாடா இல்லை.
அவன் அசைந்தால் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன்,
நின்றால் நிறுத்துவேன்.

ஸ்லாவ்கோ ஆசிரியர் பேசினார்.
பெட்டியைத் தாண்டுவது எப்படி,
தாண்டாமல் விழுந்தது யார் யார்,
போன வாரம் பந்தை ஒளித்தது யார்.
பிறகு வரிசை. ஒரு பெட்டி, இருபத்துமூன்று பேர்.
ஓஷ்பெய் ஓடினான், கை ஊன்றினான், தாண்டினான்,
மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றான்.
முக்கால் மணி நேரத்தில்
அவன் பங்கு பதினோரு விநாடி.

வியாழனன்று ஆசிரியருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
விசிலையும் வீட்டில் விட்டு வந்திருந்தார்.
கையாலேயே காட்டினார்:
ஆறு பாய், பெஞ்சுகள், கயிறு, இன்னொரு பெட்டி.
எல்லோரும் எல்லா இடத்திலும்.
ஒரு மூலையில் அவரும் குதித்தார், அசிங்கமாக.
இருபத்தாறு நிமிடம்
என் விரலுக்கு ஓய்வில்லை.

மணி அடித்ததும் என் தாளை எட்டிப் பார்த்தார்.
பதினொன்றைத் தொட்டு,
காற்றாகிப்போன குரலில்,
"அவ்வளவு சோம்பேறியா அவன்?"

பக்கத்துக் கட்டத்தைக் காட்டினேன்.
ஆசிரியர் பேச்சு: பத்தொன்பது நிமிடம்.
செருமினார்.

திங்களன்று குரல் திரும்பியிருந்தது.
பிள்ளைகள் பழக்கப்படி தரையில் உட்கார்ந்தார்கள்.
வாயைத் திறந்தார்,
என் கட்டைவிரலைப் பார்த்தார்.