அரை டிகிரி

இருபத்துநான்கு நாள் பார்ஜில், நான்கு நாள் கரையில்.
பெர்லினின் வேலை அப்படி.
என் உடம்பின் கணக்கும் இருபத்தெட்டுதான்,
ஒரு பொழுது பிசகாது.
கல்யாணமாகி முசஃபா வந்த முதல் மாதமே
அவனுடைய நான்கு நாளும் என்னுடைய நான்கு நாளும்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.
இரண்டரை வருடமாக
விழுந்துகொண்டே இருக்கின்றன.

ஊரில் இதைத் தூரம் என்பார்கள்.
படகிலிருந்து இறங்கியதும் கேட்பான்,
‘தூரமா?’
தூரம்தான்.
நான் மத்தி வறுப்பேன்.
அவன் குளியலறைக் குழாயைக் கழற்றி
மறுபடி மாட்டுவான்.

டாக்டர் ஹனான் காலண்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.
‘உனக்கு நோயே இல்லை,
கடிகாரத்தைத்தான் திருப்பி வைக்கணும்.’
எழுதித் தந்தது தள்ளிப்போடும் மாத்திரை.
அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம்
அம்மா தண்ணீரோடு நீட்டிய அதே வெள்ளை.
வேளைக்கு ஒன்று, பதினான்கு நாள்.
மார்பு கல்லானது. பால்கூட டீசலாக நாறியது.
வாடிய கறிவேப்பிலைக் கட்டு ஒன்றுக்காக
சூப்பர்மார்க்கெட் தராசு வரிசையில் நின்று அழுதேன்.

பிறகு, இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை, வேறொன்று.
அது மூளையிடம் பொய் சொல்லும்:
இங்கே ஈஸ்ட்ரோஜன் போதவில்லை, அனுப்பு,
இன்னும் கொஞ்சம் அனுப்பு.
மூளையும் நம்பி அனுப்பும்,
ஊரில் வீடு கட்டத் தொடங்கியவனின் தம்பிக்கு
இங்கிருந்து பணம் போவதுபோல.

எனக்கு இதெல்லாம் புதிதல்ல, லேபில் வேலை.
தினம் அறுபது பெண்களின் ரத்தம் என் கையால் சுழல்கிறது.
மெஷின் அதற்குள் ஒரு வெளிச்சத்தை மூட்டி
அந்த வெளிச்சத்தை எண்ணிச் சொல்லும்.
ஒருத்திக்கு எல்லாம் நின்றுவிட்டதென்று
அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்.
வெளியே நாற்காலியில்
ஊசி குத்திய கையை மடக்கிக்கொண்டு
மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். வலது பக்கம், பத்தொன்பது மில்லிமீட்டர்.
இனி முட்டையை உதிர்க்க ஓர் ஊசி.
யாரோ கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து வடித்தது,
எந்த ஊர்ப் பெண்களோ, பிள்ளைகள் பிறந்திருக்குமோ.
ஃபிரிட்ஜ் கதவில், தோசைமாவுக்கு மேல்தட்டில் வைத்தேன்.
செவ்வாய் இரவு குத்தினால் முப்பத்தாறு மணிநேரம்.
புதன் மாலை படகு.

செவ்வாய் மதியம் ஷமால் எழுந்தது.
எதிர்க் கட்டடம் முதலில் மங்கி, பிறகு இல்லாமல் போனது.
‘போட் கேன்சல்’ என்று பெர்லின்.
‘ஊசி வேண்டாம், பொறு’ என்று ஹனான்.
பொறுத்தேன். புதன். வியாழன்.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தேன்.
வயிற்றிடம் வாய்விட்டே சொன்னேன்,
இன்னும் ஒருநாள், இன்னும் ஒரேநாள்.

வெள்ளிக்கிழமை, தொழுகை அழைப்பு கேட்கும் நேரம்,
சென்ட்ரிஃபியூஜ் மூடியை அழுத்தியபோது
வலது பக்கம் சுருக்கென்றது.
ஊசியும் இல்லை, உத்தரவும் இல்லை.
அதுவாகப் போய்விட்டது.

ஞாயிறு இரவு வந்தான், காது மடலெல்லாம் மணல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே நாற்பத்தேழு டிகிரி,
உள்ளே ஏசி திணறிக்கொண்டிருந்தது.
தூக்கத்தில் கையை என் முதுகில் வைத்தவன்
விழித்துக்கொண்டான்.
‘சுடுதே, காய்ச்சலா?’

முட்டை போனபின்
புரோஜெஸ்ட்ரோன் ஏற்றிவிடும் சூடு அது, அரை டிகிரி.
அவன் கடலில் கொதித்துவிட்டு வந்த கை.
அதற்கு எப்படித் தெரிந்தது?
‘காய்ச்சல் இல்லை’ என்றேன்.
கையை எடுக்கவில்லை அவன்.

வியாழன் போய்விட்டான்.
வெள்ளியன்று என் ரத்தத்தை நானே எடுத்து,
பார்கோடு ஒட்டி, வரிசையில் நாற்பத்தோராவதாக வைத்தேன்.
பதினான்கு புள்ளி இரண்டு.
ஆமாம், நடந்திருக்கிறது.
யாரும் வராத வீட்டில் விளக்கு எரிந்திருக்கிறது.

படகு தாமதித்ததில் அவன் தேதியும் நகர்ந்திருக்கிறது.
பேப்பரில் கூட்டிப் பார்த்தேன்:
அடுத்த முறை எங்களுக்கு நடுவே
பதினான்கு நாள் இல்லை, இரண்டே நாள்.
ஊசிக்குக் காலாவதி மார்ச்.

ரிப்போர்ட்டின் அடியில்
சரிபார்த்தவர் என்றொரு கட்டம் இருக்கும்.
அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு
நாற்பத்திரண்டாம் குழாயை எடுத்தேன்.