நான்கு கோடுகள்

கம்பியை அறுத்த வாரமே
கம்பங்களையும் பிடுங்கிப் போனார்கள்.
ஒற்றை வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர் செம்பு
கட்டுப்படியாகாதாம்.
தைஸ்தோ சண்டைக்குப் போகவில்லை.
கயானி கடைத்தெருவில் ஒரு சிம் வாங்கி
டேப்லெட்டின் விலாவில் செருகினார்.

ஜனவரியில் பிரமாதம்.
மைனஸ் முப்பதில், மொட்டை பிர்ச் மரத்தின் ஊடே
டவர் நேராக வீட்டைப் பார்த்தது.
இரவெல்லாம் ஹெல்வியுடன் சதுரங்கம்.
ஓலுவில் எங்கோ இருக்கிறாள், முகம் தெரியாது,
குதிரைகளை இரக்கமில்லாமல் ஓட்டுகிறவள்.
ஐந்துக்கு மூன்று, இவர் பக்கம்.

மே கடைசியில் துளிர்த்தது.
ஒரு கோடு போயிற்று.
ஜூனில் இன்னொன்று.
ராணியை நகர்த்திய விரல்
சுழலும் வட்டத்தின்மேல் அப்படியே நின்றது.
நேரம் தீர்ந்து தோல்வி.
மறுபடியும்.
இலைகளிடம் தோற்கிறார் என்று
ஹெல்விக்கு யார் சொல்வது?

ரம்பத்துக்கு எண்ணெய் போட்டார்.
மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.
சானா அறைக்கு அதுதான் நிழல்.
ரம்பம் ஆணிக்குத் திரும்பியது.

இப்போது இரவு பதினொன்று,
சூரியன் போக மனமில்லாமல் நிற்கிறது.
ஏரி நடுவே படகு.
ரொட்டிப் பையில் சுற்றி வந்த டேப்லெட்
முழங்காலில்.
நான்கு கோடுகள்!
காற்று படகைத் திருப்பும்போதெல்லாம்
திரையில் வெயில் விழுந்து
கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிடுகின்றன.
மேலங்கியைத் தலைவரை இழுத்துப் போர்த்தி
அந்த இருட்டுக்குள்
யானையை முன்னே தள்ளுகிறார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்கிறாள்.
கொசு அடித்த விரலாலேயே
பதில் தட்டுகிறார்:
"கரை கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது."