பதினான்கு நிமிடம்

இரவு இரண்டு பத்து.
ஓல்ட்டனில் என் குசினி மேசையில் போன் துடித்தது.
பீல் நகரத்து ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு.
பெயர் சொல்லமாட்டார்கள்.
பெண், நாற்பத்தொன்று, தமிழ். அவ்வளவுதான்.

"அடிவயிறு உளையுது அக்கா,
உளைஞ்சு உளைஞ்சு வந்து
வலப்பக்கம் வெட்டி இழுக்குது.
தோள்மூட்டு வரைக்கும் ஏறுது."

உளைவு, வெட்டு, இழுப்பு.
மூன்றுக்கும் என்னிடம் இருந்தது
ஒரேயொரு ஜெர்மன் சொல்.
அதையே மூன்று தரம் சொன்னேன்.
தோளை மட்டும் சரியாகச் சொன்னேன்.

பத்துக்கு எத்தனை என்றார் டொக்டர் கேர்பர்.
"பத்துக்கு மேல இல்லையோ?"
அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல,
களைத்த சிரிப்பு.
பிறகு தாதியிடம், போனை மூடாமல்:
அந்தப் பக்கத்துப் பெண்கள் இப்படித்தான்,
முக்கால்வாசி நாடகம்.

ஒப்பந்தத்தில் மூன்றாவது விதி:
அறையில் பேசப்படும் எதையும்
கூட்டாமல் குறைக்காமல் பெயர்க்க வேண்டும்.
பெயர்த்தேன்.

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"சரி. இனிச் சத்தம் போடமாட்டன் எண்டு சொல்லுங்கோ."
சொன்னேன்.
அவள் போடவுமில்லை.
விசைப்பலகை தட்டும் ஒலி.
எழுதியதை அவரே வாசித்தார்:
வலி தணிந்துள்ளது. பரசிட்டமோல். வீட்டுக்கு.
தோள், என்று என் நாக்கு நுனிவரை வந்ததை
மூன்றாவது விதி விழுங்கிற்று.

ஐந்து நாற்பதுக்கு மறுபடி போன்.
வேறு டொக்டர், ஒரு பெண், வேகமாகப் பேசினாள்.
கருக்குழாய் வெடித்திருக்கிறது, உள்ளே இரத்தம்,
சம்மதம் வேண்டும், இப்போதே.
பின்னால் ஒரு ஆண்குரல்
தவரூபி, தவரூபி என்று கூப்பிட்டது.
அப்படித்தான் பெயர் தெரிந்தது.

வலி பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள்.
கேட்டேன்.

"நாலு எண்டு சொல்லுங்கோ அக்கா.
நாலு எண்டால் நம்புவினம்."

பத்து, என்றேன்.

பிறகு என்ன ஆனது என்று
எங்களுக்குச் சொல்லும் வழக்கம் இல்லை.
மாத முடிவில் கணக்கு அனுப்பினேன்.
முதல் அழைப்பு பதினான்கு நிமிடம், மற்றது மூன்று.
மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்த அழைப்பு எது
என்றொரு கட்டம் இருக்கும், எப்போதும் வெறுமையாய் விடுவேன்.
இம்முறை
முதலாவதை எழுதினேன்.