பெட்டி எண் பதினேழு

உடைந்த பாலத்துக்கு இந்தப் பக்கம்,
அடையாறு கடலிடம் பேச்சை முடிக்கும் இடத்தில்
மூன்று நாள் இரைந்து
துளைக்கருவி உருவித் தந்த மண் தண்டுகள்.
நீளவாக்கில் பிளந்து, ஈரத்துணி போர்த்தி,
தரமணி ஆய்வகத்தின் குளிரறையில் கிடத்தினோம்.
சீட்டு ஒட்டுவது என் வேலை:
எண், ஆழம், தேதி,
மேல்பக்கம் எதுவென்று காட்ட ஓர் அம்பு.

முதல் பெட்டியில் நாலு விரல் சாம்பல் மணல்.
அதில் யாருக்கும் தகராறில்லை.
இரண்டாயிரத்து நாலு, டிசம்பர், ஞாயிறு காலை.
"அன்னைக்கு இங்கதான் வலை பிரிச்சிட்டிருந்தேன்"
என்றார் கருவி ஓட்டும் சகாயராஜ்.
பிறகு பீடியோடு தள்ளிப்போய் நின்றார்.

அதன் கீழே கறுப்புச் சேறு.
சேறு.
ஆறு மீட்டர் நாற்பதில் திடீரென்று
மறுபடி மணல், சிப்பி, பிய்ந்த களிமண் உருண்டைகள்.

மாதங்கி மேடம் சொன்னார்:
"இரண்டு ஓடும் மூடியபடியே புதைந்திருக்கிறது சிப்பி.
வாய் திறக்கக்கூட நேரமில்லை.
ஒரே இரவு, ஒரே அலை."
ஹபீபுல்லா சார் ஒத்துக்கொள்ளவில்லை:
"அலை என்றால் பருமணல் அடியில், பொடி மேலே இருக்கணும்.
இங்கே தலைகீழ்.
இது முந்நூறு வருஷப் புயல்கள் கொட்டிய குப்பை."
"மேலே இருக்கும் கரி கீழே இருப்பதைவிடப் பழசு,
அலைதான் பெயர்த்துப் போட்டது."
"அலை எதற்கு? ஒரு நண்டு போதும்."

நாற்பது நாள் இப்படி.
நடுவில் ஒரு சங்கத் தலைவர் பொன்னாடையோடு வந்தார்.
கடல்கோள்தானே, என்றார்.
ஐயாயிரம் வருமா?
வராது.
மூவாயிரம்?
காசிமேட்டில் வஞ்சிரம் கேட்பதுபோல
ஆயிரத்து ஐந்நூறுவரை இறங்கினார்.
போகும்போது பொன்னாடையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை துணி நனைக்கப் போனபோதுதான்
அந்தக் கோரை வேரைப் பார்த்தேன்.
நூல் தடிமன்.
இரண்டாய், நாலாய்ப் பிரிந்து
என் அம்பு காட்டிய திசையில் போயிருந்தது.
எந்தக் கோரையும் வானத்துக்குள் வேர்விடாது.

சகாயராஜிடம் அந்தத் தண்டை வாங்கும்போது
ஃபோன் அடித்தது ஞாபகம் வந்தது.
வீட்டுக்காரர், வாடகை பற்றி.

இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் சொல்லிவிட்டேன்.
இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.
திட்டு விழும் என்று நின்றேன்.
ஹபீபுல்லா சார் பெட்டியை மெல்லத் திருப்பினார்.
பருமணல் அடிக்குப் போனது.
கரிகள் வயதுப்படி வரிசையில் நின்றன.
மாதங்கி மேடம் சிரிக்க வாயெடுத்தபோது அவர் கேட்டார்:
"சரி. ஒரே இரவுதான்.
கீழ்க்கரிக்கும் மேல்க்கரிக்கும் நடுவில் ஐந்நூறு வருஷம் இருக்கிறது.
அதில் எந்த இரவு?"
"சிப்பியைச் சோதித்தால் தெரியும்."
"கடலில் பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு நானூறு வயது காட்டும்."
டீ வந்தது. ஆறியது.

ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளும்
இதே ஆறு வந்திருக்கிறது.
ஸ்விட்ச் பலகைவரை என்பார் என் கணவர்.
காலண்டர் ஆணிவரை என்பாள் மகள்.
வீட்டுக்காரர் இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டு
தண்ணீரே வரவில்லை என்கிறார்.
ஒரு ரூபாய்க் காசால் சுரண்டிப் பார்த்தேன்.
பச்சை. அதன் பின்னால் சந்தன நிறம்.
அதன் பின்னால், ஆணிக்கு ஒரு முழம் கீழே,
பலகைக்கு ஒரு சாண் மேலே,
மாவாய் உதிரும் பழுப்புக் கோடு.

"இதோ" என்றேன்.
கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார்.
மகள் ஃபோனிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னாள்:
"அது மாடி பாத்ரூம் கசிவும்மா."